கரியமில வாயுவைக் கல்லாக்கும் கிணறுகள்

ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 440 கிலோ கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. காளவாயில் போட்டுச் சுட்டால் அது வெளியே போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. சிமெண்ட் ஆலைகள் அவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுவதற்கு அவை எரிக்கும் நிலக்கரியை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதிக்கு மேல் அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. சுட்டால் வாயு வெளியேறும் என்றால், அதே வாயுவைப் பிடித்துத் திரும்பவும் கல்லுக்குள் அடைக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும்.

முடியும். இயற்கை அந்த வேலையை ஓயாமல் செய்துகொண்டுதான் இருக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகத் தரையில் விழுகிறது, பாறையை அரிக்கிறது. அரிபட்ட பாறையிலிருந்து பிரியும் கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அங்கே சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதைக் கொண்டு ஓடு கட்டிக்கொள்கின்றன. அந்த ஓடுகள் கடலடியில் படிந்து சுண்ணாம்புப் பாறை ஆகின்றன. பூமியின் மேலோட்டில் உள்ள கார்பனில் மிகப் பெரும்பகுதி இப்படிப் பாறையில்தான் கிடக்கிறது. காற்றில் திரிவது சொற்பம்.

ஆனால் இயற்கைக்கு அவசரம் இல்லை. இந்தச் சுழற்சி லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது. நாமோ நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து எரித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறோம். லட்சம் ஆண்டு வேலையை இரண்டே ஆண்டில் முடிக்கலாம் என்று காட்டிய பரிசோதனை ஐஸ்லாந்தில் நடந்தது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன்னால், நிலத்தடியில் கரியமில வாயுவைச் சேமிக்கும் பழைய வழியைச் சொல்லிவிட வேண்டும். நார்வே நாட்டின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல், ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் வரை, வடகடலின் அடியிலுள்ள மணற்பாறைக்குள் செலுத்தி வந்திருக்கிறார்கள். மணற்பாறையின் நுண்துளைகளில் வாயு போய் நிறைகிறது. மேலே தடித்த களிப்பாறை அடுக்கு ஒன்று மூடிபோல் இருப்பதால் அது எழும்பி வர முடியாது. நன்றாகவே நடந்துவரும் திட்டம் இது. ஆனாலும் உள்ளே இருப்பது வாயுதான். அங்கே அது கல்லாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை மூடியைத்தான் நம்பியிருக்க வேண்டும், காவலும் காக்க வேண்டும்.

கசிந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியைச் சுட்டுவார்கள். 1986 ஆகஸ்டில் அந்த எரிமலை ஏரியின் ஆழத்தில் கரைந்து கிடந்த கரியமில வாயு ஒரே இரவில் பீறிட்டு வெளிவந்தது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தாக்குகளில் தரையோடு தரையாகப் படர்ந்தது. 1,700-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஏரியின் அடியில் தேங்கிய வாயுவும் முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில் மூடிப் பாறைக்குக் கீழே கிடக்கும் வாயுவும் ஒன்றல்ல. இந்த ஒப்பீடு நியாயமற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மக்களின் பயம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. கல்லாகிவிட்டால் அந்தப் பயத்துக்கே இடமில்லை. இந்த வழியின் பெரிய கவர்ச்சி அதுதான்.

இனி ஐஸ்லாந்து. அந்த நாடே எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. தரையைத் தோண்டினால் பசால்ட் என்ற கரும்பாறைதான் வரும். இந்தப் பாறைக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, எடையில் ஏறத்தாழ கால் பங்கு கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள். கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாக்கிக்கொள்ளும் தனிமங்கள் இவைதாம். இரண்டாவது, குழம்பு உறையும்போது வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற துளைகளும், குளிர்ந்து சுருங்கியபோது உண்டான வெடிப்புகளும் நிறைய. அவற்றின் வழியே நீர் ஓடும்.

தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் ஹெட்லிஸ்ஹைதி என்ற இடத்தில் புவிவெப்ப மின்நிலையம் ஒன்று இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து நீராவியை எடுத்து 303 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கிறது. தலைநகரின் வீடுகளுக்கு வெந்நீரும் அனுப்புகிறது. நிலக்கரி எரிப்பதில்லை என்றாலும் நீராவியோடு கொஞ்சம் எரிமலை வாயுவும் மேலே வந்துவிடும். அதில் அதிகம் கரியமில வாயு. அடுத்தது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்த நாற்றத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2010-இல் ஐஸ்லாந்து அரசு காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதித்தது. மின்நிலையத்துக்கு அதை எப்படியாவது ஒழித்தாக வேண்டிய கட்டாயம். புவி வெப்பமடைவதைப் பற்றிய கவலை மட்டும் இருந்திருந்தால் ஆய்வு ஆய்வாகவே நின்றிருக்கலாம்.

ரெய்க்யவிக் எரிசக்தி நிறுவனம், ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், பிரான்சின் தேசிய ஆராய்ச்சி மையம் ஆகியவை 2007-இல் கைகோத்துத் தொடங்கிய திட்டத்துக்குக் கார்ப்ஃபிக்ஸ் என்று பெயர். சிகுர்துர் கிஸ்லாசன், எரிக் ஓல்கர்ஸ், யூர்க் மாட்டர் போன்ற புவிவேதியியலாளர்கள் இதில் முன்னின்றார்கள். 1975-இலேயே ‘புவி வெப்பமாதல்’ என்ற தொடரை ஆய்வுக் கட்டுரைத் தலைப்பில் வைத்த வாலஸ் புரோக்கரும் இதைத் தூண்டிவிட்டவர்களில் ஒருவர்.

அவர்கள் செய்ததை ஒரே வாக்கியத்தில் சொன்னால், பூமிக்குள் கோலி சோடாவை ஊற்றினார்கள். வாயுவை வாயுவாக உள்ளே விட்டால் அது மேலே எழும்பப் பார்க்கும். நீரில் கரைத்துவிட்டால் எழும்புவதற்கு அங்கே குமிழியே கிடையாது. இன்னும் ஒரு வசதி: கரியமில வாயு கரைந்த நீர் சாதாரண நீரைவிடச் சற்றுக் கனமானது, அதனால் அது கீழ்நோக்கியே போகும். கரைக்கும் வேலையைக் கிணற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு குழாயில் நீர், இன்னொன்றில் வாயு. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில் வாயு பொடிக் குமிழிகளாக நீரில் கலக்கிறது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தமே வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போதும். பாறையைத் தொடுவதற்குள் குமிழி எல்லாம் கரைந்துவிடும்.

கரைந்ததும் நீர் அமிலமாகிறது. கிணற்றை ஒட்டிய பசால்ட்டை அது அரிக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் பாறையை விட்டு நீருக்கு வருகின்றன. அரிக்க அரிக்க அமிலத்தின் வீரியம் குறைகிறது. கிணற்றைவிட்டுத் தள்ளிப் போகப் போக நீர் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அந்த நிலையில் கால்சியமும் கரைந்த கார்பனும் சேர்ந்து கால்சைட் என்ற வெண்ணிறக் கனிமமாகப் பாறையின் துளைகளில் படிகின்றன. கல் உருவானால் துளை அடைபட்டுக் கிணறே மூடிக்கொள்ளாதா என்ற சந்தேகம் வரும். அமிலம் வலுவாக இருக்கும் கிணற்றடியில் துளைகள் பெரிதாகத்தான் செய்கின்றன; படிவு எல்லாம் தொலைவில், பெரும் பரப்பில். இந்த வரிசை தற்செயலாக அமைந்த அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2012 ஜனவரி முதல் மார்ச் வரை 175 டன் சுத்தமான கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். அந்தக் கோடையில், மின்நிலையத்திலிருந்து வந்த கலப்பு வாயு 73 டன். 400 முதல் 800 மீட்டர் ஆழத்தில், 20 முதல் 50 டிகிரி வரை வெப்பமுள்ள பாறை. அவ்வளவுதான் பரிசோதனை.

கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் நடந்ததை எப்படி நிரூபிப்பது? இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தப் பகுதிதான். செலுத்திய நீரோடு இரண்டு அடையாளப் பொருள்களை அனுப்பினார்கள். ஒன்று சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு போன்ற, எதனோடும் சேராத, பாறையை உரசிக்கொண்டு போனாலும் மாறாத வாயு. மற்றொன்று கார்பன்-14. எரிமலையிலிருந்து வரும் கார்பன் மிகப் பழையது, அதில் கார்பன்-14 இருக்காது. ஆகவே கொஞ்சம் சேர்த்துவிட்டால், செலுத்திய கார்பன் எது, நிலத்தடி நீரில் முன்பே இருந்தது எது என்று பிரித்தறியலாம். நீர் ஓடும் திசையில் சிறிது தொலைவில் கண்காணிப்புக் கிணறுகள் இருந்தன. அங்கே மாதிரி எடுத்துப் பார்த்தபோது, எதனோடும் சேராத வாயு எதிர்பார்த்த அளவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்படியானால் நீர் வந்துவிட்டது. கூடவே வந்திருக்க வேண்டிய கார்பன் மட்டும் வரவில்லை. வழியில் எங்கோ தங்கிவிட்டது. எவ்வளவு தங்கியது என்று கணக்கிட்டபோது, இரண்டு ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று தெரிந்தது.

கணக்கை மட்டும் நம்பாதவர்களுக்கு வேறு சாட்சியும் கிடைத்தது. கண்காணிப்புக் கிணற்றில் இறக்கியிருந்த நீர்மூழ்கி மோட்டார் ஒருநாள் நின்றுபோனது. மேலே தூக்கிப் பார்த்தால் பம்பிலும் குழாயிலும் கால்சைட் அப்பிக்கிடந்தது. அந்தப் படிவில் செலுத்திய கார்பன்-14-ம் இருந்தது. உப்புநீர் போரில் மோட்டார் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது எரிச்சலூட்டும் காட்சி. அங்கே விஞ்ஞானிகளுக்குக் கொண்டாட்டம். பிறகு 2014-இல் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டிலும் வெள்ளை வெள்ளையாகக் கால்சைட் தெரிந்தது. 2016 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன. வாயு கல்லாகப் பல நூறு ஆண்டுகளாவது ஆகும் என்று பலரும் எண்ணியிருந்த நேரம் அது.

கட்டுரை வெளிவரும் முன்பே மின்நிலையம் காரியத்தில் இறங்கிவிட்டது. 2014 முதல் அதன் வாயுவை ஒரு கோபுரத்தில் நீரால் கழுவிக் கரைத்து, அருகிலுள்ள ஹூஸ்மூலி என்ற இடத்தில், இன்னும் ஆழமான, 200 டிகிரிக்கு மேல் சூடான பாறைக்குள் அனுப்புகிறார்கள். பின்னாளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 டன் கரியமில வாயு அங்கே உள்ளே போனது. மின்நிலையம் வெளிவிடுவதில் இது மூன்றில் ஒரு பங்கு. நாற்றமடித்த ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து, பொன்போல் மின்னும் பைரைட் கனிமமாகிறது. செலவு டன்னுக்கு ஏறத்தாழ 25 டாலர் என்று திட்டக்காரர்கள் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த 25 டாலரைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஹெட்லிஸ்ஹைதியில் நீராவி குளிர்ந்தபின் மிஞ்சும் வாயுவில் பெரும்பகுதி கரியமில வாயுதான். நீரால் கழுவினாலே பிடிபட்டுவிடும். நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கியிலோ அது ஏழு எட்டில் ஒரு பங்குதான், மற்றது பெரும்பாலும் நைட்ரஜன். அதைப் பிரித்தெடுக்க வேதிக் கரைசல்கள் வேண்டும், அந்தக் கரைசலைச் சூடாக்க மின்நிலையத்தின் ஆவியிலேயே ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். காற்றிலிருந்தே பிடிப்பது இன்னும் கடினம். பத்தாயிரம் பங்கு காற்றில் கரியமில வாயு நான்கு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. கிளைம்வொர்க்ஸ் என்ற சுவிஸ் நிறுவனம் அதையும் செய்துபார்க்கிறது. அதே மின்நிலையத்தின் பக்கத்தில் 2021-இல் ஓர்கா, 2024-இல் மாமத் என இரண்டு ஆலைகளைத் திறந்தது. பெரிய விசிறிகள் காற்றை இழுத்து வடிகட்டியில் மோதவிடும். வடிகட்டி நிறைந்ததும் சூடாக்கி வாயுவைப் பிரித்துக் கார்ப்ஃபிக்ஸ் கிணற்றுக்கு அனுப்புவார்கள். ஓர்காவின் திறன் ஆண்டுக்கு 4,000 டன் என்றும் மாமத்தின் திறன் 36,000 டன் என்றும் அறிவித்தார்கள். உண்மையில் பிடிபட்டது அதைவிட மிகக் குறைவு. ஒரு டன்னுக்கான விலை நூற்றுக்கணக்கான டாலர்.

நான் படித்தவரையில் எனக்குப் புரிந்தது இதுதான்: பாறை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கஷ்டமெல்லாம் வாயு பாறையைச் சேர்வதற்கு முன்னால்தான்.

அடுத்த கஷ்டம் நீர். ஒரு டன் கரியமில வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் நீர் வேண்டும். ஐஸ்லாந்தில் நீருக்குப் பஞ்சமில்லை. மின்நிலையம் வெளியேற்றும் நீரையே திரும்பப் பயன்படுத்தவும் முடிகிறது. நம் பக்கத்துக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஆண்டுக்கு 60 லட்சம் டன் கரியமில வாயுவை விடும் என்று வைத்துக்கொண்டால், கரைக்க வேண்டிய நீர் 15 கோடி டன். அதாவது 5 டிஎம்சிக்கு மேல். இந்த அளவைச் சொன்னால் தஞ்சாவூரில் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது. அதனால்தான் கடல்நீரில் கரைத்துச் செலுத்த முடியுமா என்று ஐஸ்லாந்திலேயே சோதனை நடந்திருக்கிறது.

நீரே இல்லாமலும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வலூலா என்ற ஊரருகே, பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2013-இல் ஏறத்தாழ 1,000 டன் கரியமில வாயுவை அழுத்தி, நீரில் கரைக்காமல் அப்படியே, 800 மீட்டருக்கும் கீழே கொலம்பியா ஆற்றுப் பசால்ட்டுக்குள் விட்டது. இரண்டு ஆண்டு கழித்துப் பாறை மாதிரி எடுத்தபோது துளைகளில் ஆங்கரைட் என்ற கார்பனேட் கனிம உருண்டைகள் இருந்தன. பாறையில் இருக்கும் ஈரமே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் கல்லாகும்வரை வாயு எழும்பாமல் தடுக்க இங்கே மேலே இறுகிய பாறை அடுக்கு தேவைப்படுகிறது. நீரை மிச்சம் பிடித்தால் மூடியை நம்ப வேண்டும்.

பசால்ட்டைவிட வேகமாக வினைபுரியும் பாறை ஒன்றும் உண்டு. பூமியின் ஆழத்தில் இருக்கவேண்டிய பெரிடோடைட் சில இடங்களில் மேலே தள்ளப்பட்டுக் கிடக்கிறது. அதில் மக்னீசியம் மிக அதிகம். ஓமன் நாட்டு மலைகளில் அப்படியொரு பெரும் பரப்பு இருக்கிறது. மனிதர் யாரும் எதையும் செலுத்தாமலே அந்த மலை ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் கரியமில வாயுவைக் கல்லாக்குகிறது என்று பீட்டர் கெலமனும் யூர்க் மாட்டரும் 2008-இல் மதிப்பிட்டார்கள். பாறை வெடிப்புகளில் ஓடும் வெள்ளைக் கோடுகள்தான் அதன் தடயம். அதை மனித முயற்சியால் வேகப்படுத்த ‘44.01’ என்ற ஓமன் நிறுவனம் முயல்கிறது. 2022-இல் எர்த்ஷாட் பரிசு பெற்றது.

ஓமனின் வெள்ளைக் கோடுகளைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஏற்காடு மலையடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டி, வெள்ளைவெளேரென்று வெட்டப்பட்டுக் கிடக்கும் குன்றுகள் மேக்னசைட் சுரங்கங்கள். ஆழத்திலிருந்து வந்த மக்னீசியம் மிகுந்த பாறைக்குள் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, வெடிப்பு வெடிப்பாக வெள்ளைக் கல்லாகப் படிந்தது அது. கார்ப்ஃபிக்ஸ் செய்வதைச் சேலத்துப் பாறை மனிதன் பிறப்பதற்கு வெகுமுன்பே செய்து முடித்திருக்கிறது. மேக்னசைட்டின் எடையில் பாதிக்குச் சற்று மேல் கரியமில வாயு. நாம் அந்தக் கல்லை வெட்டியெடுத்து, சூளையிலிட்டு, அந்த வாயுவைக் காற்றில் விட்டுவிட்டு, மிஞ்சுவதை உலைகளுக்கான நெருப்புச் செங்கல்லாக்குகிறோம். எஃகு ஆலைகளுக்கு அது தேவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கில் எதிர்ப்பக்கம் எழுத வேண்டிய செலவு அது என்பதையும் மறக்க வேண்டாம்.

சேலத்தில் கிடைத்தது சிறு திட்டு. தமிழ்நாட்டின் மற்றப் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய, இறுகிய பாறைகள். கறுப்பாக இருக்கும் கல்லெல்லாம் பசால்ட் ஆகிவிடாது. இவற்றில் நீர் புகத் துளைகளும் குறைவு, வினைபுரியும் தனிமங்களும் குறைவு. இந்தியாவில் இதற்கேற்ற பாறை என்றால் அது தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட குழம்பு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் எங்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அதன் தடிமன் கிலோமீட்டர் கணக்கில். ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கோணத்தில் அதை ஆராய்ந்து வந்திருக்கிறது. மும்பை ஐஐடியில் கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவதற்கென்றே 2022-இல் ஒரு தேசிய மையம் அறிவிக்கப்பட்டது.

இடம் இருக்கிறது என்பதாலேயே செலுத்திவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பசால்ட்டின் மேலடுக்குகளில் ஊறும் நீர்தான் மகாராஷ்டிர விவசாயிகளின் கிணற்று நீர். மராத்வாடாவின் வறட்சியைப் பார்த்தவர்கள் ஒரு டன்னுக்கு 25 டன் நீர் என்ற பேச்சை எடுக்கவே தயங்குவார்கள். நிலநடுக்கமும் ஒரு கவலை. ஹூஸ்மூலியில் 2011-இல், அதாவது கரியமில வாயு அங்கே வருவதற்கு முன்பே, மின்நிலையத்தின் கழிவுநீரை உள்ளே செலுத்தியபோது ரிக்டர் அளவில் 4-ஐ நெருங்கிய அதிர்வுகள் ஏற்பட்டு ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். தக்காணத்தில் கொய்னா அணை நிரம்பியபின் 1967 டிசம்பரில் 6.3 அளவில் நிலம் குலுங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர்த்தேக்கம் தூண்டிய நிலநடுக்கத்துக்கு உலகப் பாடப்புத்தகங்களில் அதுதான் உதாரணம். அழுத்தத்தைக் கவனித்துச் செலுத்தினால் ஆபத்தைக் குறைக்கலாம். கொய்னாவின் பக்கத்தில் செலுத்தாமலிருந்தால் இன்னும் குறைக்கலாம்.

ஐஸ்லாந்துக்காரர்களே எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. வட ஐரோப்பிய ஆலைகளின் கரியமில வாயுவைக் கப்பலில் கொண்டுவந்து, ஆண்டுக்கு 30 லட்சம் டன் வரை ஹாஃப்னார்ஃப்யோர்துர் நகரருகே பாறையில் சேர்க்கக் கார்ப்ஃபிக்ஸ் நிறுவனம் திட்டமிட்டது. வீடுகளுக்கு இவ்வளவு பக்கத்திலா, எங்கள் நிலத்தடி நீருக்கு என்ன ஆகும், பிறர் குப்பையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று நகர மக்கள் எதிர்த்தார்கள். 2025-இல் நிறுவனம் அந்த ஊரைக் கைவிட்டது.

பாறைக்குள் இடத்துக்குக் குறைவில்லை. காற்றில் 500 கன மீட்டருக்கு மேல் அடைக்கும் ஒரு டன் கரியமில வாயு, கால்சைட் ஆகிவிட்டால் ஒரு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஹெட்லிஸ்ஹைதியில் ஓராண்டு முழுக்கச் செலுத்திய அந்த 12,000 டன்னை, உலகம் பத்தே நொடியில் வெளிவிட்டுவிடுகிறது. எரிப்பதைக் குறைக்காமல் இதை மட்டும் நம்புவது முடியாத காரியம். எரிப்பதைக் குறைத்தபின்னும் மிஞ்சும் சிமெண்ட், எஃகு, உரத் தொழில்களின் வாயுவுக்கு, நீரும் பாறையும் அருகருகே அமைந்த இடங்களில், இது உதவும்.